பழைய விண்ட்லாஸும் ஒரு தனி மாலுமியும்



ஆண்டு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகக் காமராசர், வ.உ.சி., அப்துல் கலாம் என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பெரியவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு கப்பல்காரரை எடுத்துக்கொண்டேன். பெயர் ஜோஷுவா ஸ்லோகம். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர். அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

திருச்சுழிக்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்னடா தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் குண்டாற்றில் மழைக்காலத்தில் சில நாள் தண்ணி ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். அந்த ஆறு மூக்கையூர்ப் பக்கம் கடலில் சேருகிறது என்று புத்தகத்தில் படித்தேனே தவிர, பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை நான் கடலைப் பார்த்ததில்லை.

ஆனால் நங்கூரம் எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்! எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு பாதாளக் கரண்டி இருந்தது. கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் தெருவே அதை இரவல் கேட்டு வரும். நாலைந்து கொக்கி, நடுவில் ஒரு வளையம், அதில் கட்டிய கயிறு. கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால் வாளியின் காதில் மாட்டிக்கொள்ளும். சில நேரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதைக் கொஞ்சம் பெரிசாக்கிக் கடலில் போட்டால் அதுதான் நங்கூரம்.

நங்கூரத்தைத் தூக்கும் கருவிக்கு விண்ட்லாஸ் என்று பேர். அதுவும் எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பா கிணறு வெட்டுகிறவர். வெடி போட்டு உடைத்த கல்லைக் கூடையில் அள்ளி மேலே ஏற்றுவதற்கு ஒரு கைக் கிரேன் வைத்திருந்தார்கள். உருளை, கைப்பிடி, பல்சக்கரம், அந்தப் பல்லில் விழுகிற ஒரு இரும்பு நாக்கு, அவ்வளவுதான். கைப்பிடியைச் சுற்றினால் டக் டக் டக் என்று நாக்கு ஒவ்வொரு பல்லாக விழும். கையை விட்டாலும் கூடை கீழே போகாது. நாம் வகுப்பில் ராட்செட் என்று படம் வரைகிறோமே, அதேதான்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள் அந்த நாக்கு வழுக்கிவிட்டது. நுனி தேய்ந்துபோய்ப் பல நாளாகக் கம்பி வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கல் கூடை பாதித் தூரம் ஏறியிருந்தது. கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுழன்று என் சித்தப்பாவின் முழங்கைக்குக் கீழே அடித்தது. நல்லவேளை, கிணற்றுக்குள் இருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். சித்தப்பாவின் கை இன்றுவரைக்கும் நேராக நீளாது. நான் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்ததற்கு மார்க்கு மட்டும் காரணம் இல்லை.

போன வருஷம் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ஒரு மனிதர் தன் படகின் நங்கூரங்களையும் விண்ட்லாஸையும் பற்றி எழுதியிருந்த பக்கம் கண்ணில் பட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாசம் படித்தேன். அந்த மனிதர்தான் ஸ்லோகம்.

செருப்புத் தைத்த சிறுவன்

ஸ்லோகம் 1844 பிப்ரவரி 20ஆம் தேதி கனடா நாட்டு நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பெரிய குடும்பம், கஷ்ட ஜீவனம். அப்பா முதலில் விவசாயம் பார்த்தார், பிறகு பூட்ஸ் தைக்கும் கடை வைத்தார். பத்து வயசு வாக்கில் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிட்டார். பையனுக்கோ கடல்மேல் ஆசை. ரகசியமாக ஒரு சின்னக் கப்பல் பொம்மை செய்தான். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கோபத்தில் உடைத்துப் போட்டார். பதினான்கு வயசில் வீட்டைவிட்டு ஓடி மீன்பிடிப் படகில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். திரும்பி வந்தான். பதினாறு வயசில், அம்மா இறந்த பிறகு, ஒரேயடியாகக் கிளம்பிவிட்டான்.

கப்பலில் சாதாரண மாலுமியாக வேலை பார்த்துக்கொண்டே புத்தகம் வைத்துப் படித்தார். பதினெட்டு வயசில் தேர்வு எழுதி இரண்டாம் மேட் சான்றிதழ் வாங்கினார். பதினெட்டு! நம்ம வயசு! பள்ளிக்கூடத்தில் மூன்று நாலு வருஷம்கூட ஒழுங்காக இருக்காத பையன், நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும் கணிதத்தைத் தானே கற்றுக்கொண்டான். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும். (நானும்தான்.)

இருபத்தைந்து இருபத்தாறு வயசுக்குள் கேப்டன் ஆனார். 1871இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் கப்பலே வீடு. பசிபிக் கடல், சீனா, பிலிப்பைன்ஸ் என்று ஓடினார்கள். 1880களின் தொடக்கத்தில் நார்தர்ன் லைட் என்ற பெரிய கப்பலுக்குக் கேப்டனாகவும் பங்குதாரராகவும் இருந்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் உச்சம்.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. கப்பலில் அவர் ரொம்பக் கடுமையான ஆள். ஒரு அதிகாரியைப் பல நாள் விலங்கு மாட்டி அடைத்து வைத்ததற்காக நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது. இதையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது.

பிறகு இறங்குமுகம். 1884இல் வர்ஜீனியா இறந்துபோனார். 1887 கடைசியில் அவருடைய சொந்தக் கப்பலான அக்விட்நெக் பிரேசில் கடற்கரையில் தரைதட்டி உடைந்தது. கையில் காசில்லை, இரண்டாவது மனைவியும் இரண்டு பையன்களும் கூடவே இருக்கிறார்கள். மனிதர் கலங்கவில்லை. அங்கேயே மரம் அறுத்து 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். பிரேசிலில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த 1888 மே 13 அன்று அதைத் தண்ணீரில் இறக்கினார். அதனால் விடுதலை என்று பொருள்படும்படி லிபர்டாட் என்று பெயர் வைத்தார். குடும்பத்தோடு அதிலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்!

ஊருக்கு வந்தால் வேலை இல்லை. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்மரக் கப்பல் கேப்டனை யார் தேடுவார்கள்? முப்பது வருஷம் கற்ற தொழில் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்திலும் அதுதானே நடந்தது. போர் வண்டி வந்தது. ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான அடி துளை போட்டுவிட்டுப் போய்விடுகிறது. கிணறு வெட்டக் கூப்பிடுகிற ஆள் வருஷத்துக்கு ஒருத்தர் இரண்டு பேர். கைக் கிரேன் எங்கள் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் மாசம் ஒரு தடவை வந்து விலை கேட்கிறார். அப்பா கொடுக்கவும் இல்லை, ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

புல்வெளியில் கிடந்த படகு

1892. ஸ்லோகமுக்கு 48 வயசு. ஈபன் பியர்ஸ் என்ற பழைய கேப்டன் ஒருவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபேர்ஹேவன் என்ற ஊரில் ஒரு படகு இருக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள் என்றார். போய்ப் பார்த்தால் அது தண்ணீரிலேயே இல்லை! ஒரு வயலில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. பெயர் ஸ்ப்ரே. பல வருஷமாக மக்கிக் கிடந்தது.

ஸ்லோகம் கோடாரியைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை போட்டார். ஆவிப்பெட்டி செய்து, விலாமரங்களை அதில் வைத்து வேகவைத்து வளைத்தார். ஒவ்வொரு மரமாகப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார். ஊர்க்காரர்கள் வந்து நின்று, இதனால் காசு பணம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வர வைப்பேன் என்பதுதான் அவருடைய பதில். டிப்ளமோ படிக்கிற நமக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். படிச்சா வேலை கிடைக்குமாடா என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடுவரை கேட்காத ஆள் உண்டா?

பதின்மூன்று மாசம் ஆனது. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். கணக்கை அந்தச் சென்ட்வரை எழுதி வைத்திருக்கிறார். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். நம்ம பட்டறையில் லேத் வரிசை இருக்கும் இடத்துக்குள் அடங்கிவிடும்.

மூன்று நங்கூரம் வைத்துக்கொண்டார். எடை 40 பவுண்டு, 100 பவுண்டு, 180 பவுண்டு. நம்ம கணக்கில் சுமார் 18, 45, 82 கிலோ. படகில் ஏறக்குறைய எல்லாமே புதுசு. ஆனால் அந்த 40 பவுண்டு நங்கூரமும் விண்ட்லாஸும் முகப்பில் இருந்த செதுக்கு வேலையும் மட்டும் பழைய ஸ்ப்ரேயில் இருந்தவை. மக்கிய மரத்தைத் தூக்கிப் போட்டவர், தாங்கும் இரும்பைத் தூக்கிப் போடவில்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர்தான் மெக்கானிக். என்னைப் பிடித்து நிறுத்திய பக்கம் இதுதான்.

கொஞ்சம் பாடம்

நண்பர்களே, தனி ஆளுக்கு நங்கூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பெரிய கப்பலில் இருபது பேர் சேர்ந்து இழுப்பார்கள். தனியாகப் போகிறவன் தூங்க வேண்டுமென்றால் நங்கூரம் பிடிக்க வேண்டும். கிளம்ப வேண்டுமென்றால் அது வர வேண்டும். இரண்டும் ஒரே ஆளின் கையில்.

நங்கூரம் பிடிப்பது எடையால் மட்டும் இல்லை. கொக்கி மண்ணைக் கவ்விக்கொள்ள இழுப்பு தரையோடு தரையாக இருக்க வேண்டும். இழுப்பு மேல்நோக்கி வந்தால் கொக்கி பெயர்ந்துவிடும். அதனால்தான் ஐந்து மீட்டர் ஆழமென்றால் இருபத்தைந்து மீட்டர் சங்கிலியாவது விடுகிறார்கள். சங்கிலியின் கனமே அதைத் தரையில் படுக்க வைக்கும். ஆனால் அந்தக் கனத்தை மறுபடி தூக்க வேண்டுமே! 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோ வரும். 30 மீட்டர் என்றால் எழுபது கிலோவுக்குப் பக்கம்.

இங்கேதான் விண்ட்லாஸ். கைப்பிடி நீளம் இரண்டு அடி, உருளையின் ஆரம் நாலு அங்குலம் என்று வையுங்கள். ஆறு மடங்கு லாபம். உராய்வை விட்டுவிட்டால் 45 கிலோ நங்கூரத்துக்கு ஏழரை கிலோ விசை போதும். ஆனால் ஆறு மடங்கு தூரம் சுற்ற வேண்டும். சும்மா எதுவும் கிடைக்காது!

சின்னப் படகுகளில் வருகிற கோளாறு அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சங்கிலிக் கண்ணி விண்ட்லாஸ் சக்கரத்துக் குழியில் சரியாக உட்காராவிட்டால் துள்ளிக் குதித்து ஓடும். பல் தேய்ந்த சைக்கிளில் செயின் தாவுகிறதே, அது மாதிரி. துருப்பிடித்த சங்கிலி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இறங்குகிற சங்கிலி கோபுரமாகக் குவிந்து சரிந்தால் அடுத்த தடவை விடும்போது சிக்கிக்கொள்ளும். சங்கிலி முறுக்கிக்கொண்டாலும் அப்படியே. நாக்கு தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை என் சித்தப்பாவைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, படகின் முழு இழுப்பையும் இரவு முழுக்க விண்ட்லாஸ்மேலேயே விட்டுவைப்பது. அது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான தூண் இல்லை. நங்கூரம் பிடித்ததும் சங்கிலியை ஒரு கொக்கியில் மாட்டி, இழுபடும் கயிறு வழியாகப் படகின் உறுதியான கட்டையில் கட்டிவிட வேண்டும். அலை தரும் அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்ளும். சங்கிலியின் கடைசி முனையையும் படகில் கயிற்றால்தான் கட்ட வேண்டும். ஆபத்து வந்தால் ஒரு கத்தி வெட்டில் விட்டுவிட்டு ஓடலாம்.

நீச்சல் தெரியாத மாலுமி

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டன் நகரிலிருந்து ஸ்லோகம் கிளம்பினார். வயசு 51. நல்ல கடிகாரத்தைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டார். வழியில் முகம் உடைந்த ஒரு தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கினார். அதை வைத்துத்தான் உலகம் சுற்றினார்!

அட்லாண்டிக்கைத் தாண்டி ஜிப்ரால்டர் போனார். சூயஸ் கால்வாய் வழியாகப் போனால் கொள்ளைக்காரர் பயம் என்று அங்கே இருந்தவர்கள் எச்சரித்தார்கள். வந்த வழியே திரும்பி, மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்கா போனார். அந்த வருஷம் டிசம்பரில் உருகுவே கரையோரம் நிலா வெளிச்சத்தில் மணல்மேடு கண்ணை ஏமாற்றிவிட்டது. ஸ்ப்ரே தரைதட்டி நின்றது.

தரைதட்டிய படகை மீட்க ஒரு பழைய வழி உண்டு. நங்கூரத்தைச் சின்ன ஓடத்தில் வைத்து ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட வேண்டும். பிறகு படகில் நின்று அந்தக் கயிற்றை விண்ட்லாஸால் இழுத்தால், நங்கூரம் வராது, படகுதான் நங்கூரத்தை நோக்கி நகரும். ஸ்லோகமிடம் இருந்த ஓடமோ பாதி ஓடம்! முழு ஓடம் வைக்கத் தளத்தில் இடம் இல்லை என்று நடுவில் அறுத்துப் பலகை அடித்து வைத்திருந்தார். மற்ற நேரத்தில் அதில்தான் துணி துவைப்பார், குளிப்பார்.

முதலில் சின்ன நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தார். போதவில்லை, தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய நங்கூரத்தையும் கயிற்றையும் ஏற்றியதும் அலையில் ஓடம் மூழ்கிவிட்டது. கயிற்றை வெட்டி இரண்டு நடையாக்கினார். நங்கூரத்தோடு துடுப்புப் போட்டுப் போகிறார், ஓடத்தில் தண்ணீர் ஏறுகிறது. போட வேண்டிய இடத்துக்கு வந்தபோது விளிம்புவரை தண்ணீர். எழுந்து நின்று, நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கி வீசினார். அதே நொடியில் ஓடம் கவிழ்ந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம், தனக்கு நீச்சல் தெரியாது என்று!

நிமிர்த்தினார், கவிழ்ந்தது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி கவிழ்ந்தது. கடைசியில் எப்படியோ ஏறி, ஒற்றைத் துடுப்போடு கரை வந்து சேர்ந்தார். பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து கூடினார்கள், தண்ணீர் ஏறியதும் ஸ்ப்ரே மிதந்தது.

நம்ம ஊர்ப் பையன்கள் கமலைக் கிணற்றில் குதித்தே நீச்சல் கற்றுக்கொள்கிறோம். உலகம் சுற்றிய கேப்டனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். சாகப் போகிற நேரத்திலும் மனிதர் முதலில் நங்கூரத்தைச் சரியான இடத்தில் வீசிவிட்டுத்தான் தன்னைப் பற்றி நினைத்திருக்கிறார்.

1896 பிப்ரவரியில் மெகல்லன் நீரிணைக்குள் நுழைந்தார். அங்கே மலையிலிருந்து திடீரென்று இறங்கும் காற்றுக்கு வில்லிவா என்று பேர். நங்கூரம் போட்டு நிற்கிற படகையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நங்கூரம் இழுபடும்போதெல்லாம் தனி ஆளாகத் தூக்கி மறுபடி போட வேண்டும், அந்தக் குளிரில்! வந்தேறிகளுக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் பகை முற்றியிருந்த காலம் அது. ராத்திரியில் யாராவது ஏறினால் தெரிய வேண்டும் என்று தளம் முழுக்கக் கம்பள ஆணிகளைப் பரப்பிவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறியடித்துக் கடலில் குதித்தார்கள். நீரிணையைத் தாண்டிப் பசிபிக்கில் நுழைந்தும் புயல் அவரைத் தெற்கே அடித்துத் தள்ளியது. மறுபடி உள்ளே வந்து, அதே பாதையை இன்னொரு தடவை கடந்து, ஏப்ரலில்தான் விடுபட்டார்.

பிறகு சமோவா, ஆஸ்திரேலியா. 1897இல் நம்ம இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள்வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. பாய்களைச் சமன்படுத்தி, சுக்கானைக் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து புத்தகம் படித்தார். படகு தானே நேராகப் போனது. தென் ஆப்பிரிக்காவில் குரூகர் என்ற நாட்டுத் தலைவரைச் சந்தித்தார். அவரோ உலகம் தட்டை என்று நம்புகிறவர், சுற்றி வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே இல்லை! செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் கொடுத்த ஆடு அவருடைய கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது.

1898 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் நியூபோர்ட் துறைமுகம் வந்து சேர்ந்தார். மூன்று வருஷம் இரண்டு மாசம், 46,000 மைல். 1900இல் அவர் எழுதிய பயணப் புத்தகம் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. சொந்தமாக நிலமும் வீடும் வாங்கினார். ஆனால் தரை அவருக்கு ஒத்துவரவில்லை. 1909 நவம்பரில், 65 வயசில், அதே ஸ்ப்ரேயில் தனியாகத் தெற்கே கிளம்பினார். அதன் பிறகு அவரையும் யாரும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. 1924இல் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

அவர் போட்ட வழியில் பிறகு பலர் போனார்கள். இந்தியாவிலிருந்து முதலில் தனியாகச் சுற்றி வந்தவர் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே, 2010இல் முடித்தார். 2024 அக்டோபரில் கிளம்பிய கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் இரண்டே பேராகத் தாரிணி படகில் உலகம் சுற்றி 2025 மே மாசம் திரும்பினார்கள்.

கொல்லையில் கிடந்த கிரேன்

இந்த வருஷம் எங்கள் குழு ப்ராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் கொல்லைக் கிரேனைப் பற்றிச் சொன்னேன். அப்பாவிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அவரே மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உருளையும் தாங்கியும் நன்றாகவே இருந்தன, அப்படியே வைத்துக்கொண்டோம். தேய்ந்த நாக்கைக் கழற்றிவிட்டு, ஒன்று வழுக்கினாலும் இன்னொன்று பிடிக்கும்படி இரட்டை நாக்கு வைத்தோம். இறக்கும்போது கைப்பிடி சுழலாமல் இருக்க ஒரு பட்டை பிரேக்கும் போட்டோம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான்.

சோதனை ஓட்டத்துக்கு அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்லூரிப் பட்டறைக்குள் கால் வைத்தவர்கள் எனக்கு அடுத்து அவர்கள்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். எடையைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் கையை எடுத்தேன். நின்றது. சித்தப்பா வளைந்த கையாலேயே கைப்பிடியைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினார். டக் டக் டக் என்று சத்தம் வந்தது. இப்ப நல்லாப் புடிக்குதுடா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிறோம். நம் அப்பாக்களின் தொழில்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தறி, மூட்டம், கிணறு எதுவும் நமக்காகக் காத்திருக்காது. ஸ்லோகமுக்கும் கடல் காத்திருக்கவில்லை. மக்கிய மரத்தை விட்டுவிடுவோம். தாங்குகிற இரும்பை எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை